சூடு தெரியாத கை

கொலுசுப் பட்டறைகளில் ஒருவரைப் புகழ்வதற்கு ஒரு வழி உண்டு. "அவருக்குக் கையே சுடாதுப்பா" என்பார்கள். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. சங்கிலியின் ஒரு முனையில் தீயைக் காட்டினால், மறுமுனையைப் பிடித்திருக்கும் விரலுக்குச் சூடு உடனே வந்துவிடும். அதைப் பொறுத்துக்கொண்டு வேலை பார்க்கிறவருக்குத் தனி மரியாதை. என் சித்தப்பாவுக்கு அந்த மரியாதை ஏராளமாகக் கிடைத்தது. பற்றவைத்த கொலுசை இடுக்கியைத் தேடாமல் விரலாலேயே தள்ளி வைப்பார். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவார், சித்தி அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார். கல்யாண வீடுகளில் இது ஒரு கதையாகவே சுற்றி வந்தது.

அந்தப் புகழ்ச்சியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் கைக்கு என்ன ஆகியிருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் எங்கள் சொந்தக்காரர்கள் அதை விடவில்லை. சமீபத்தில் ஒரு வளைகாப்பில், "முன்னெல்லாம் உங்க சித்தப்பா நெருப்பையே கையில அள்ளுவாரு" என்று ஒருவர் ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் ரசித்துக் கேட்டார்கள். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், சட்டைப் பைக்குள் கையை விட்டபடி. வலி தெரியாமல் இருப்பதை ஒரு திறமையாக எண்ணும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை. சூடு தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் கைதட்டுவதற்கு அதில் எதுவும் கிடையாது. அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்க்க வேண்டும்.

பழக்கத்தால் சூடு தாங்கும் கை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, அதை மறுக்கவில்லை. பரோட்டா மாஸ்டர், டீக்கடைக்காரர், நாற்பது வருடம் தோசை வார்த்த பாட்டி, எல்லோருக்கும் விரல் தோல் காய்த்துத் தடித்திருக்கும். சூடு அந்தத் தடிப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் நரம்பு நுனிக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். எங்கே பிடிக்கலாம், எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பதும் கைக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கை கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டால் 'ஸ்ஸ்' என்று தானாக இழுத்துக்கொள்ளும். கொப்புளம் வந்தால், எப்போது எதில் பட்டது என்று அவரால் சொல்ல முடியும். சித்தப்பாவின் கையில் கொப்புளங்கள் இருந்தன, அவை எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியாது. சாப்பாடு போடும்போது சித்திதான் பார்த்துச் சொல்வார். தீயோடு வேலை செய்கிறவர் கையில் தழும்பு இருப்பதில் ஆச்சரியம் என்ன என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தொழிலே நோயை மறைத்துவிட்டது.

அவர் கடைசியில் மருத்துவரிடம் போனதும் சூட்டுக்காக இல்லை. வளையங்களைக் கோத்து மடக்கும் வேலையில் விரல்கள் பிடி இழந்தன. சின்ன வளையங்கள் நழுவிக் கீழே விழுந்துகொண்டே இருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒரு இடத்தில் பஞ்சால் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உணர்ச்சி நன்றாக இருக்கிறது, கழுத்து எலும்புத் தேய்மானம்தான் என்று கழுத்துப் பட்டை கொடுத்து அனுப்பினார்கள். பஞ்சு பட்டது அவருக்குத் தெரிந்தது உண்மை. அந்த உண்மையால்தான் இன்னும் பல மாதங்கள் வீணாயின.

மொட்டை நுனிகள்

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். வலிக்கும் சூட்டுக்கும் என்று தோலில் தனியாக ஒரு கருவி கிடையாது. மெல்லிய நரம்பு இழைகளின் மொட்டை நுனிகள் தோல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். அந்த நுனிகளின் சவ்வில் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு டிஆர்பிவி1 என்று பெயர். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் புரதம் திறந்துகொள்ளும், கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும், நரம்பில் மின் துடிப்பு கிளம்பும். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-இல் இதைக் கண்டுபிடித்தபோது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது சூட்டை அல்ல, மிளகாயின் காரத்தை. மிளகாயில் உள்ள கேப்சைசின் எந்தப் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது என்று தேடிப் போனவர்கள், அதே புரதம் சூட்டுக்கும் திறக்கிறது என்று பார்த்தார்கள். எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட்டில் சிவப்புச் சட்னியை அள்ளி வைத்துச் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்று சொல்கிறோமே, அதில் மிகை எதுவும் இல்லை. நாக்கிலிருந்து மூளைக்குப் போவது நெருப்பு பட்டால் போகும் அதே செய்திதான். பறவைகளின் டிஆர்பிவி1 மிளகாய்க்குத் திறப்பதில்லை. அதனால்தான் கிளி மிளகாய்ப் பழத்தை அவ்வளவு நிதானமாகக் கொத்தித் தின்கிறது.

குளிருக்கு டிஆர்பிஎம்8 என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. நெற்றியில் தைலம் தடவினால் ஜில்லென்று இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள மென்தால் இதைத் திறப்பது. தோலின் வெப்பம் உண்மையில் குறையவே இல்லை, குளிர்ந்துவிட்டதாகச் செய்தி மட்டும் போகிறது. 2002-இல் ஜூலியஸும் இன்னொரு ஆய்வாளரான ஆர்டெம் படாபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தார்கள். இருவருக்கும் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. படாபூட்டியனின் பங்கில் முக்கியமானது தொடுதலையும் அழுத்தத்தையும் உணரும் புரதங்கள். ஆக, ஆரம்பத்திலேயே தொடுதல் வேறு, சூடும் வலியும் வேறு. புரதம் வேறு, நரம்பு இழை வேறு, வேகமும் வேறு.

வேகத்தைப் பற்றி இரண்டு வரி. தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த இழைகளுக்குக் கொழுப்பு உறை நன்றாக இருக்கும், நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை போகும். கூர்மையான வலியையும் குளிரையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். எரிச்சலையும் வெதுவெதுப்பையும் கொண்டுபோகும் உறையே இல்லாத சி இழைகள் நொடிக்கு இரண்டு மீட்டருக்குள்தான், நம் நடை வேகம். கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, அப்புறம் ஒரு இடைவெளி, அதற்குப் பிறகு வயிறு வரை பிசையும் இன்னொரு வலி வருமே, அந்த இடைவெளி இந்த இழைகளின் வேக வித்தியாசம்.

ஏற்காட்டுத் தண்ணீர்

இனி சித்தப்பாவின் நோய் பிடிபட்ட அந்த மதியத்துக்கு வருகிறேன். இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒரு அம்மா. ஸ்கேன் எதையும் எழுதவில்லை, சித்தப்பாவைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். "கண்ண மூடிக்கோங்க, படுறது தெரிஞ்சா சொல்லுங்க." பஞ்சு பட்ட இடமெல்லாம் "தெரியுதுங்க மேடம், தெரியுதுங்க" என்று சரியாகச் சொன்னார். அப்புறம் ஒரு ஊசி முனை. கன்னத்தில் வைத்ததும் முகம் சுளித்தார். முன்கையில் வைத்தபோது, "தொடுறீங்க" என்றார். குத்துகிற மாதிரி இல்லையா என்று மருத்துவர் கேட்டார். "இல்லீங்க, சும்மா தொடுற மாதிரிதான்." நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஊசி முனையில் தோல் உள்ளே அமுங்குகிறது, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு இசைக்கவையின் குளிர்ந்த இரும்பை எடுத்தார். கன்னத்தில், "ஜில்லுனு இருக்குங்க." தோளில் வைத்தார். "ஏதோ கம்பி." சூடா குளிரா என்று கேட்டதற்குச் சித்தப்பா நிறைய நேரம் யோசித்தார். ஒரு மனிதர் தன் தோளில் இருக்கும் இரும்பு சூடா குளிரா என்று யோசித்துக் கண்டுபிடிக்க முயல்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அது தெரியலைங்களே" என்றார். மார்பின் மேல் பகுதி, முதுகின் மேல் பகுதி, இரண்டு கைகள், எங்கும் தெரியவில்லை. வயிற்றில் வைத்ததும் திடுக்கிட்டு உடம்பைக் குறுக்கினார். மருத்துவர் தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முடிந்தபோது அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தியது போன்ற வடிவம் உடம்பில் வரைந்திருந்தது.

அப்போதுதான் சித்தப்பா அதைச் சொன்னார், யாரிடமும் சொல்லாததை. ஏற்காட்டில் எங்கள் உறவினர் ஒருவர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார், மார்கழியில் போனால் அவர் வீட்டில்தான் தங்குவோம். "காலைல அங்க குளிக்கிறப்ப, தலைல ஊத்துற தண்ணி மூஞ்சில ஜிலுஜிலுன்னு இறங்குமுங்க மேடம். தோளுக்கு வந்தா குளிரு காணாமப் போயிடும். தண்ணி ஓடறது தெரியும், குளிரு தெரியாது. மறுபடி இடுப்புக்கிட்ட வந்துதான் நடுங்கும். வாதமா இருக்கும்னு விட்டுட்டனுங்க." மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்றார். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பே, தண்டுவடத்துக்கு நடுவில் ஒரு குழி விழுந்து நீர் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். படம் வந்தபோது அப்படியே இருந்தது, கழுத்திலிருந்து மேல் முதுகு வரை நீளமாக. சிரிங்கோமைலியா என்று பெயர். மூளையின் பின்பக்கத்துச் சிறுமூளை கொஞ்சம் கீழே இறங்கி, மண்டையோட்டின் அடித் துளையை அடைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். கியாரி என்று சொல்லப்படும் இந்தக் கோளாறு பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும், பெரியவரான பிறகே பலருக்கும் தெரியவரும்.

குழி கழுத்தில் விழுந்தால் குளிர் மட்டும் ஏன் போகிறது, தொடுதல் ஏன் போகவில்லை? இதற்குச் சேலத்துக்காரர்களிடம், மேலே பாலமும் கீழே சந்திப்பும் இருக்கும் ஐந்து ரோட்டைக் காட்டினால் போதும். தொடுதலைக் கொண்டுபோகும் இழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே பக்கத்தில் பின்புறமாக மேலே ஏறி, குறுக்கே எங்கும் திரும்பாமல் நேராக மூளையின் அடித்தண்டு வரை போய்விடுகின்றன, மேம்பாலத்தில் போகும் வண்டிகள் மாதிரி. வலியும் சூடும் அப்படி இல்லை. நுழைந்த இடத்திலேயே இறங்கி, அடுத்த நரம்பிடம் செய்தியை ஒப்படைத்து, அந்த நரம்பு தண்டுவடத்தின் நட்டநடுவைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போய், அதற்குப் பிறகுதான் மேலே ஏறுகிறது. நட்டநடுவில் நீர் தேங்கினால் குறுக்கே கடக்கிற போக்குவரத்துதான் முதலில் நிற்கும், மேம்பாலம் ஓடிக்கொண்டே இருக்கும். நீர் எந்த மட்டத்தில் தேங்குகிறதோ அந்த மட்டத்தில் கடக்கிற இழைகள் மட்டுமே அறுபடும். கழுத்தில் கடப்பவை கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறவை. வயிற்றிலிருந்தும் காலிலிருந்தும் வருகிறவை கீழேயே கடந்து ஓரமாக ஏறிவிட்டன, அவற்றுக்குப் பாதிப்பில்லை. முகத்துக்கும் நாக்குக்கும் நரம்பு வேறு, அது மூளையின் அடித்தண்டில் நுழைகிறது. தட்டுவடை செட் சாப்பிட்டால் சித்தப்பாவுக்குக் கண்ணில் நீர் வரும் என்பதால் அவர் உணர்ச்சிக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்ததற்கு விடை அதுதான்.

சுட்டால் கை தானாக இழுத்துக்கொள்ள வேண்டுமே என்றும் கேட்கலாம். அந்த அனிச்சைச் செயலுக்கு மூளை தேவையில்லைதான், தண்டுவடமே பார்த்துக்கொள்ளும். ஆனால் குழி பெருகப் பெருக அந்த வேலை நடக்கிற சாம்பல் நிறப் பகுதியையும் அரித்துவிடும். விரல் தசைகளை இயக்கும் நரம்புகளும் அங்கேதான் இருக்கின்றன. வளையங்கள் நழுவியதும் அதனால்தான்.

வலியும் சூடும் இப்படிக் குறுக்கே கடக்கின்றன என்பது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரௌன்-செக்கார் என்ற மொரீஷியஸ்காரர் நிறுவிய உண்மை. அத்தனை பழைய அறிவு இருந்தும், பஞ்சால் மட்டும் தொட்டுப் பார்த்து உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லப்படுகிறது. அது மேம்பாலத்தை மட்டும் பார்த்த சோதனை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

வலி இல்லாத உடம்பு என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நமக்கு மிகப் பக்கத்தில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிரும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் தேய்கின்றன என்று அவர் காட்டினார். அங்கே சில நோயாளிகளுக்கு இரவோடு இரவாக விரலில் சதை காணாமல் போனது. காவல் இருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. கடிபடுகிறவர் தூக்கம் கலையவில்லை. நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனை ஒன்றைக் கூட அனுப்பும் வழக்கம் அதன் பிறகு வந்தது.

பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவர் செயற்கையாக ஒரு வலியை உண்டாக்க முயன்றார். அழுத்தத்தை அளக்கும் உணரிகளைக் கையுறையில் பொருத்தி, ஆபத்து வந்தால் ஒலி எழுப்பச் செய்தார்கள். ஒலியை யாரும் மதிக்கவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டிய வேலை இருந்தால், நோயாளி அதிர்ச்சியை நிறுத்திவிட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். நம் விருப்பத்துக்கு நிறுத்த முடியாது என்பதுதான் வலியின் பலமே என்று பிராண்ட் அதிலிருந்து தெரிந்துகொண்டார். பட்டறையில் அவசர ஆர்டர் இருக்கும் நாளில் வலியை நிறுத்தும் ஒரு விசை இருந்தால் யார்தான் அதை அழுத்தாமல் இருப்பார்கள்?

வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவனின் கதை 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பிறவியிலேயே வலி தெரியாதவன். வலி நரம்புகள் துடிப்பைக் கிளப்புவதற்குத் தேவையான சோடியம் வாய்க்கால் ஒன்று, மரபணுக் கோளாறால் அவனுக்கும் அவன் சொந்தக்காரர்கள் சிலருக்கும் வேலை செய்யவில்லை. தெருவில் கையில் கத்தியைச் செருகிக்கொண்டும் தணலில் நடந்தும் வித்தை காட்டுவான். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஆய்வாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே, சிறுவயதிலேயே, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். இதைப் படித்த இரவு எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல்தான் யோசனை போனது.

தணல் என்றதும் ஆடி மாதத் தீமிதி நினைவுக்கு வரும். எனக்கு அதில் பக்தி உண்டு, குறை சொல்லவில்லை. சாம்பல் படிந்த கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கால் ஒரு கணம்தான் பதிகிறது, வேகமாக நடக்கிற பக்தர் பெரும்பாலும் பத்திரமாகக் கரையேறிவிடுவார். அப்படி வேகமாக நடக்க வைப்பதும் காலில் உறைக்கும் சூடுதான். சர்க்கரை நோயால் பாத நரம்பு மரத்தவருக்கு அது உறைக்காது, அவர் நிதானமாக நடப்பார். அவர் வேறு நேர்த்திக்கடன் வேண்டிக்கொள்வது நல்லது.

சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பின்மண்டையில் சின்ன எலும்புத் துண்டை எடுத்து, நீர் ஓட வழி செய்தார்கள். குழி சுருங்கியது, விரல் பலம் மேலும் குறையாமல் நின்றது. போன சூட்டுணர்வு திரும்பவில்லை, அதைத் திருப்பித் தருவதாக மருத்துவரும் சொல்லவில்லை. வெளியே தெரியாத ஒரு கொடுமை மிச்சம் இருக்கிறது. நெருப்பு தெரியாத அதே கைகள் ராத்திரியில் எரிகின்றன. தோலில் ஒன்றும் இல்லை. செய்தி வருவது நின்றுபோன பாதையில், நரம்பு மண்டலம் தானாகவே எரிச்சலைக் கிளப்பிக்கொள்கிறது. வழக்கமான வலி மாத்திரை அதற்குக் கேட்காது, நரம்பின் துடிப்பை அடக்கும் மாத்திரை தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். "சுடறப்ப தெரியல கண்ணு, சுடாதப்ப தெரியுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். வளைகாப்பில் ரசித்துக் கேட்டவர்களிடம் நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

பட்டறைத் தொழிலாளர்களுக்கு முகாம் நடத்துகிறவர்கள் கண்ணையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். அதோடு இதையும் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் பானைத் தண்ணீர், மற்றதில் வெதுவெதுப்பான நீர். முதலில் கன்னத்தில் வைத்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மாற்றி மாற்றிப் புறங்கை, முன்கை, தோள், பாதம் என்று வையுங்கள். டம்ளர் படுவது தெரிந்து, எந்த டம்ளர் என்று தெரியவில்லை என்றால் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள், "தொட்டால் தெரிகிறது, சூடு தெரியவில்லை" என்று சீட்டில் எழுதியே அனுப்புங்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம். தெரியாத தோலில் வெந்நீரை வைத்தால் சோதனையே புண்ணில் முடியும்.